முள் வைத்த வீடும் நான் எழுதிய அறிக்கையும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வாயில் வந்தால் பரவாயில்லை, எதிரில் இருப்பவர் திருப்பிக் கொடுப்பார், அதோடு தீர்ந்துவிடும். எனக்கு அது எழுத்தில் வரும். நான் பார்த்த வேலையிலோ எழுத்துக்குத்தான் மதிப்பு. நான் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் ஒரு குழந்தை எந்த ஊரில் வளரும், யாரை அம்மா என்று கூப்பிடும் என்பதெல்லாம் முடிவானது.

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விசாரணைப் பணியாளராக இருந்தேன். பனியன் கம்பெனிகள் தெருவுக்கு நாலாக முளைத்துக்கொண்டிருந்த காலம். பிழைக்க வந்த குடும்பங்களில் ஏதாவது ஒன்று ஆகி, பஸ் ஸ்டாண்டிலோ ஆஸ்பத்திரியிலோ தனியாக நிற்கும் குழந்தைகளை எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் குழந்தையின் ஊருக்குப் போய், வீட்டைப் பார்த்து, சொந்தக்காரர்களிடம் பேசி, வளர்க்க ஆள் உண்டா இல்லையா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. அறிக்கை கோயம்புத்தூரில் கூடும் சிறார் நல வாரியத்துக்குப் போகும். ஆள் உண்டு என்றால் குழந்தை வீட்டுக்கு. இல்லை என்றால் வேறு பெரிய இல்லத்துக்கு, அங்கிருந்து தத்துக்கு.

அப்படி வந்தவள்தான் அந்த ஆறு வயதுப் பெண். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை ஏறும் வழியில், காட்டுக்குள் இருக்கும் மலைக்குடிகளின் ஒரு செட்டில்மெண்ட்டைச் சேர்ந்தவள். அப்பா முன்பே இல்லை. அம்மா யாரோ ஒரு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு இறங்கி வந்து, ஒரு கம்பெனியில் வெட்டுத்துணிக் கழிவு பொறுக்கும் வேலை பார்த்தாள். நாலே மாதத்தில் மஞ்சள்காமாலை. ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. நகராட்சி ஆட்கள் அடக்கம் செய்தார்கள். மேஸ்திரி ஊருக்கு ஏதோ சொல்லி அனுப்பியதோடு ஆள் காணாமல் போனான். வார்டு ஆயா குழந்தையின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டாள்.

குழந்தை தெளிவாகப் பேசினாள். ஊர் பேர் சொன்னாள். மேல் கோடியில் பலாமரத்துக்குப் பக்கத்து வீடு என்றாள். மாமன் இருக்கிறது என்றாள். சரி, இது சுலபமான விசாரணை என்று நானும் கிளம்பினேன்.

உடுமலைக்கு ஒரு பஸ், அடிவாரத்துக்கு இன்னொரு பஸ், செக்போஸ்ட்டில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு மேலே நடை. பாதி வழியில் செருப்பு அறுந்துபோனது. உச்சி வெயிலில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கொப்புளமுமாகப் போய்ச் சேர்ந்தேன். பத்துப் பதினைந்து வீடுகள். எல்லாரும் துடைப்பம் கட்டும் சீமாறுப் புல் அறுக்கக் காட்டுக்குள் போயிருந்தார்கள் போலிருக்கிறது, ஈ காக்கை இல்லை. பலாமரத்துப் பக்கத்து வீட்டு வாசலில் முள்ளை வெட்டிவந்து திணித்து வைத்திருந்தது. மரத்தடியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கொங்குப் பக்கம் வாசலில் கால் வைத்தவன் பகையாளியாகவே இருந்தாலும் "வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையையே ஆரம்பிப்பார்கள். "வாங்க" என்று கேட்காத வீட்டுக்கு மறுபடி போகமாட்டோம், மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவோம். அந்த மனிதர் "வாங்க" என்று சொல்லவில்லை. தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏனுங்க, நீங்க அந்தப் புள்ளைக்குத் தாய்மாமனுங்களா?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"உங்க தங்கச்சி மக திருப்பூர்ல எங்க இல்லத்துல இருக்குதுங்க. பத்தரமா இருக்குது. நீங்க கூட்டிட்டு வந்து வளத்துவீங்களா, மாட்டீங்களா? அதத் தெரிஞ்சுட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல் காட்டுக்குள் நடந்து போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் சாமிக்கு அடுத்த இடம். காது குத்த மடி வேண்டுமென்றாலும் மாமன், கல்யாணத்துக்கும் மாமன், கடைசிக் காரியத்துக்கும் மாமன். இந்த ஆள், கூடப்பிறந்தவள் செத்துப்போய் அவள் பெற்றது அனாதையாக நிற்கிறது என்று சொன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். அரை மணி நேரம் காத்திருந்தேன். வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே, குலுங்கக் குலுங்க, அறிக்கையை எழுதிவிட்டேன். வீட்டு வாசல் முள்ளால் அடைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட நிலையில் உள்ளது. தாய்மாமன் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை. அக்கறை காட்டவில்லை. வளர்க்க விருப்பமில்லை. அந்த 'இல்லை'களை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்தது இன்னும் கையில் இருக்கிறது.

இல்லத்தை நடத்திய வார்டன் அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தூய வெள்ளைச் சேலை, கறாரான பேச்சு. அறிக்கையைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க. இனி அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். மெட்ராஸில் ஒரு பெரிய இல்லம் இருந்தது. பிள்ளையில்லாத தம்பதிகள் அங்கே வரிசையில் காத்திருந்தார்கள். அடுத்த வாரியக் கூட்டத்தில் உத்தரவானால் அன்றைக்கு மறுநாளே குழந்தையை மெட்ராஸுக்கு ஏற்றுவது என்று ஏற்பாடு. அதன்பின் யார் நினைத்தாலும் திருப்ப முடியாது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து குழந்தைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் எல்லாம் கம்பெனிகள் கழித்துப் போட்டதுதான். பனியன் அட்டைப்பெட்டி, நூல் தீர்ந்த காகிதக் கோன், பட்டன். உடுப்பும் அப்படித்தான், தையல் கோணிப்போன ஏற்றுமதி பனியன்களில் புரியாத இங்கிலீஷ் எழுத்தெல்லாம் மார்பில் போட்டுக்கொண்டு திரிவார்கள். இவள் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதில் வாசல் மாதிரி ஓட்டை கிழித்து, வேலியிலிருந்து வேலமுள்ளை ஒடித்துவந்து அந்த ஓட்டையில் சொருகிக்கொண்டிருந்தாள். கை குத்திக்கொள்ளப் போகிறாளே என்றுதான் கிட்டே போனேன்.

"என்ன கண்ணு பண்றே?"

"ஊட்டுக்கு முள்ளு வெக்கறேன். எங்கம்மா செத்துப்போச்சுல்ல."

"அதுக்கு எதுக்கு முள்ளு?"

"மாசம் முடியற வரைக்கும் உள்ளுக்குப் போகக் கூடாது." என்னைப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோனை நிறுத்தினாள். "இது மாமன். காவலுக்கு உக்காந்திருக்குது. யாரு வந்தாலும் பேசாது."

"ஏன் பேசாது?"

"வெளியாளுகிட்டப் பேசக் கூடாது. மாசம் முடிஞ்சாத்தான் பேசும். அப்பறம் முள்ள எடுத்துப் போட்டுட்டு இங்க வந்து என்னையக் கூட்டிட்டுப் போகும்."

அப்படியே முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கைவிடப்பட்ட வீடு என்று எழுதினேனே, அது துக்கம் காக்கிற வீடு. அக்கறை இல்லை என்று எழுதினேனே, அந்த மனிதர் கூடப்பிறந்தவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு காவல் இருந்தார். கல்லூரியில் சமூகப்பணி படித்தவள், பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. குழந்தையிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

முதலில் ஓடியது பழைய கோப்பு அலமாரிக்கு. இதே மாதிரி இன்னொரு மலைக் குழந்தைக்கும் நான் எழுதித் தொலைத்திருந்தால்? மூன்று வருடக் கட்டையும் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. மலையிலிருந்து வந்தவள் இவள் ஒருத்திதான். அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

வார்டன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா பேசுத நீ? அறிக்கை கோயம்புத்தூருக்குப் போயாச்சு. என் கையெழுத்தும் அதுல இருக்கு. ஒரு சின்னப்பிள்ள அட்டப்பெட்டி வச்சு விளையாடுனதச் சொன்னா வாரியத்துல சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுங்கம்மா. நான் தப்பா எழுதிட்டேன்."

"வேலை போயிரும் பாத்துக்க."

"போகட்டுங்க. வேலை போனா வேற வேலை. அந்தப் புள்ளை போனா?"

அவர் மேசை டிராயரைத் திறந்து, மறுபடி மலைக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். "வேற செருப்பு வாங்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆட்கள் காட்டுக்குக் கிளம்புவதற்குள் போய்விட்டேன். மாமன் அதே பலாமரத்தடியில் இருந்தார். அவர் மனைவி, குழந்தையின் அத்தை, என்னைப் பார்த்ததும் "வாங்க" என்று சொல்லிச் செம்பில் தண்ணி கொண்டுவந்தாள். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் மூப்பனும் வந்து உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஆறு நாளில் வாரியம் கூடியதும் மெட்ராஸுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றதும் அத்தை திடுக்கிட்டுப் போனாள்.

"மெட்ராஸுக்குங்களா? எதுக்குங்க? பத்தரமா இருக்குதுன்னு நீங்கதானுங்களே சொல்லிட்டுப் போனீங்க. அதக் கேட்டுத்தான் மாசம் கழியட்டும், போயிக் கூட்டிக்கலாம்னு நாங்க சும்மா இருந்தோம்."

என்னை நம்பினார்கள். என்னை நம்பியதால்தான் பிள்ளையை இழக்க இருந்தார்கள்.

"நீங்க யாராவது வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்துருங்க" என்றேன் மூப்பனிடம்.

"அப்படி ஆகாதுங்க சாமி," என்றார் மூப்பன். "அம்மா இல்லாத புள்ளைக்கு மாமன்தான். மாமன் வாயால கேட்டாத்தான் புள்ளை எங்களுது. மாசத்துக்கு இன்னும் பதினேழு நாள் கெடக்குதுங்க. அதுக்கு முன்னால பேசுனா செத்தவளுக்கு ஆகாது."

மாமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் பேசுவது ஆகாது, வாரியத்துக்குப் பேசாமல் இருப்பது ஆகாது. எப்படியானாலும் வாரியத்துக்கு எல்லாரும் வாருங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

வந்தார்கள். கூட்ட நாளில் கோயம்புத்தூர் அலுவலக வாசலில் பார்த்தால் பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஊரே இறங்கி வந்திருந்தது. உள்ளே மாமனையும் அத்தையையும் மூப்பனையும் மட்டும் விட்டார்கள். வாரியத் தலைவர் ஒரு மாஜிஸ்திரேட். நடுத்தர வயது, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், சலிப்பான குரல்.

"நீங்கதான் மாமனா? குழந்தையை வளர்க்க உங்களுக்குச் சம்மதமா?"

மாமன் கை கூப்பினார். பேசவில்லை.

"வாயத் திறந்து சொல்லணும்பா. வாக்குமூலம் எழுதணும்" என்றார் பக்கத்தில் இருந்த உறுப்பினர். மாமன் கூப்பிய கையை எடுக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அத்தை எடுத்துச் சொன்னாள், மூப்பன் சொன்னார். அந்த உறுப்பினர், "சரி, இவங்க சொல்றதச் சொல்லட்டும். ஆனா ரெகார்டுல அக்கறை இல்லைன்னு தெளிவா இருக்கே" என்று என் அறிக்கையைத் தட்டிக் காட்டினார்.

நான் எழுந்து நின்றேன். "அந்த அறிக்கை தப்புங்க சார். நான்தான் எழுதினேன். அவங்க துக்கம் காக்கறது தெரியாம, என்னைய வாங்கன்னு கூப்பிடலைங்கற கோவத்துல எழுதிட்டேன்."

தலைவர் என்னைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார், பிறகு காலண்டரைப் பார்த்தார்.

"மாசம் என்னிக்கு முடியுது?"

மூப்பன் விரல் மடக்கி, "இன்னும் பதினோரு நாளுங்க" என்றார்.

"பதினோரு நாள்ல வானம் இடிஞ்சு விழுந்துடாது. பதினஞ்சு நாள் கழிச்சுப் போடுங்க. குழந்தை அதுவரைக்கும் திருப்பூர்லயே இருக்கட்டும். மெட்ராஸுக்கு லெட்டர் போட்டுருங்க."

அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டிய நேரம் அது. எனக்கு அடுத்த வாரமே மெமோ வந்தது. இத்தனை வருட வேலையில் நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் காகிதம் அது ஒன்றுதான்.

அதன் பிறகு நடந்த மாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை கிளம்பிப் போனதைக் கடைசியில் சொல்லத்தான் மனசு வருகிறது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, மலைக் குழந்தைகளை விசாரிக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எங்களிடம் இருந்த அச்சடித்த படிவத்தில் சொந்த வீடு உண்டா, வருமானம் என்ன, பொறுப்பாளர் யார் என்றெல்லாம் இருந்தது. ஊரே சேர்ந்து வளர்க்கும் இடத்துக்கு அந்தப் படிவம் எதற்கு ஆகும்? நானாக எழுதினால் மறுபடி வினைதான் என்று மலைக்கே போய் அத்தையிடமும் மற்றப் பெண்களிடமும் கேட்டேன். செத்த வீட்டுக்கு மாசத்துக்குள் கேள்வி கேட்டு வராதீர்கள் என்றார்கள். ஒருத்தரைத் தனியாகப் பிடித்துக் கேட்காதீர்கள், எல்லாரையும் உட்கார வைத்துக் கேளுங்கள் என்றார்கள். கிளம்பும்போது அத்தை, "இன்னொண்ணுங்க. வரும்போது புள்ளையக் கூட்டிட்டு வாங்க. புள்ளையக் கண்ணுல காட்டாம புள்ளை வேணுமா வேண்டாமான்னு கேட்டா எப்படிங்க?" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். வாரியம் ஏற்றுக்கொண்டது. தொண்ணூறுகளில் இன்னும் நாலைந்து மலைக் குழந்தைகள் எங்களிடம் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் குழந்தையையும் கையில் பிடித்துக்கொண்டுதான் மலை ஏறினோம். பெரும்பாலும் அந்தக் குழந்தை எங்களோடு இறங்கி வரவே இல்லை, அங்கேயே தங்கிவிட்டது. காகிதம் பின்னால் போய்ச் சேர்ந்தது. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி பழைய படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தபோது, வார்டன் அம்மா அதை அவள் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார்.

சரி, கதைக்கு வருகிறேன். மாசம் முடிந்து, வாரியத்தில் மாமன் வாயால் சொல்லி, உத்தரவும் ஆயிற்று. மறுநாள் காலையில் மாமனும் அத்தையும் இல்லத்துக்கு வந்தார்கள். குழந்தை ஓடிப்போய் மாமன் காலைக் கட்டிக்கொண்டாள். அத்தை அவளுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். நான் மாமனைத் தனியாகக் கூட்டிப்போய், "என்னைய மன்னிச்சிருங்க. அன்னிக்கு நீங்க எந்திரிச்சுப் போனதப் பாத்து இந்தப் புள்ளை வேண்டாம்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

அவர் குரல் நான் எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"உங்க மேல என்னங்க தப்பு? மேஸ்திரி சொல்லி உட்ட ஆளு, ரெண்டும் போயிருச்சுன்னு சொல்லிட்டானுங்க. அம்மாளும் மகளும். ரெண்டு பேருக்குமாத்தான் முள்ளு வெச்சிருந்தேன். நீங்க வந்து புள்ளை உசுரோட இருக்குதுன்னு சொன்னீங்க. உங்ககிட்டப் பேசக் கூடாது. உக்காந்திருந்தா வாயில வந்துருமுங்க. அதான் எந்திரிச்சு ஓடுனேன். பள்ளத்துல போயி உழுந்து அழுதேனுங்க."

அக்கறை காட்டவில்லை என்று நான் எழுதியது இந்த மனிதரைப் பற்றி. நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. அவர் கையைப் பிசைந்துகொண்டு, "அழுவாதீங்க, அதான் கெடச்சிருச்சில்லீங்க" என்றார். ஆமாம், கிடைத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு லேசாகிறது.

பஸ்ஸுக்கு நேரமானது. வார்டன் அம்மா வாசல் வரை வந்தார். குழந்தை, அத்தை கொண்டுவந்த புதுப் பாவாடையில், மாமன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவங்கட்ட சொல்லிட்டுப் போ, ராசாத்தி" என்றார் வார்டன் அம்மா.

குழந்தை எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். "போறேனுங்க" என்றாள்.

யாரும் போறேன் என்று சொல்லிக் கிளம்பக் கூடாது. அபசகுனம். எந்தப் பிள்ளை அப்படிச் சொன்னாலும் வாயில் ஒரு தட்டுத் தட்டி, போயிட்டு வர்றேன்னு சொல்லு என்று திருத்துவோம். வார்டன் அம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"ஆமா, போ" என்றார். "போயிரு."